கிணற்றைச் சோதிக்காமல் நிலத்தை அகழலாமா?

சாவகச்சேரியிலோ கொடிகாமத்திலோ ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டால், பெற்றோர் மகரகமவிற்கு ஓடுகின்றனர். அந்த அலைச்சலுக்கு நடுவிலும் தாயின் மனதில் ஒரு கேள்வி எழவே செய்யும்: எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமோ?

கேள்வி நியாயமானதே. யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புக்களில் தேங்கி, கடல்நீரின் மேல் மிதக்கும் மழைநீரே நமது குடிநீர். நிலத்தில் கொட்டப்படுவது கிணற்றை வந்தடைய அதிக காலம் எடுக்காது.

ஆனால் விடை இலகுவானதன்று. ஆசனிக், கட்மியம், நிக்கல் ஆகியன புற்றுநோயை உண்டாக்குவன என்பது நிறுவப்பட்டுள்ளது. எனினும் சிறுவரின் இரத்தப் புற்றுநோய்க்கும் உலோகங்களுக்கும் உள்ள தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை. கதிர்வீச்சும், எண்ணெயிலுள்ள பென்சீனும் இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை என்பதில் மட்டும் ஐயமில்லை. ஓர் இலட்சம் சிறுவரில் ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரையிலேயே இந்நோய் காண்பதால், ஒரு கிராமத்தின் கணக்கை வைத்து எதையும் நிரூபிப்பது கடினம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பாலன் என்ற சிறு நகரின் அனுபவம் இதுவே. ஐந்தாண்டுகளுக்கு ஒரு குழந்தை என எதிர்பார்க்கப்பட்ட இடத்தில், 1997 முதல் 2002 வரை 16 குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாயினர். அரசு ஆய்வாளர்கள் வந்தனர். குழாய்நீரில் ஆசனிக்கும், மக்களின் சிறுநீரில் டங்ஸ்டன் என்ற உலோகமும் மிகையாக இருந்தன. ஆனால் நோயுற்ற குழந்தைகளிடமும் ஏனையோரிடமும் அந்த அளவுகள் ஒத்திருந்ததால் நோய்க்கான காரணம் இதுதான் என்று கூற இயலவில்லை. குடிநீரில் டங்ஸ்டனுக்கு வரையறைகூட அங்கு இருக்கவில்லை. உலகின் செல்வந்த நாடொன்றின் நிலையே இது!

நமக்குச் சுன்னாகம் இருக்கின்றது. அங்கே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறுகளில் எண்ணெயைக் கண்டது. மாகாண சபையின் நிபுணர் குழுவோ அபாயமில்லை என்றது. எந்த அறிக்கையை நம்பித் தண்ணீர் குடிப்பது என்று மக்கள் திகைத்தனர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்குமுன் அயற்கிணறுகளின் தரம் முறையாகப் பதியப்பட்டிருந்தால் இவ்வளவு தர்க்கம் எழுந்திராது.

அதே தவறை அகழ்வுகளில் மீண்டும் செய்யப் போகின்றோமா என்பதே நமது கவலை. சுண்ணாம்புக்கல் ஆசனிக் சுரங்கமன்று. அதனை அகழ்ந்தால் உடனடி ஆபத்து உவர்நீர் உட்புகுதலே. வீண் பீதியைக் கிளப்புவது பொறுப்பன்று. மன்னார்த் தீவின் கனிய மணலோ வேறு வகை. இல்மனைட்டுடன் மொனசைட்டும் கலந்திருக்குமிடத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் இருக்கும். அத்தீவில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேர எதிர்த்து 2025இலும் வீதிக்கு இறங்கினர்.

அகழ்வு அனுமதிக்கு முன்னர், மாரியிலும் கோடையிலுமாக ஓராண்டு அயற்கிணறுகளின் உலோக அளவுகள் பதியப்பட வேண்டும். அப்பரிசோதனையை அகழும் நிறுவனத்தின் பொறுப்பில் விடலாகாது. சிறுவர் புற்றுநோய் விபரங்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத் திரட்டப்பட வேண்டும். கிணற்றின் சொந்தக்காரர் கையிலும் தமிழில் எழுதிய அறிக்கையின் பிரதியொன்று இருக்க வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும் இவற்றை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்க என்ன தடை?