அளவு சரியா இருந்தா வீட்டுல அறுக்க வேண்டாம்



இப்பெல்லாம் எங்க பக்கம் டீக்கடையில நெல்லு வாழையைப் பத்தின பேச்சுக்கு நடுவுல பாத்ரூம் வேலைப் பேச்சும் வந்துடுது. கொல்லைக் கோடியில தனியா நின்ன குளியலறை வீட்டுக்குள்ள வந்தாச்சு. சுவத்துல தொங்கின வாஷ்பேசின் போய், கிரானைட் மேடை மேல கிண்ணம் மாதிரி உக்கார்ற பேசின் வந்தாச்சு. சமயபுரத்துக்காரங்களுக்கு இதுல ஒரு கெடுவும் உண்டு. சித்திரைத் தேருக்கு சொந்தபந்தம் வந்து இறங்கறதுக்குள்ள வேலை முடிஞ்சாகணும்.

அந்த அவசரத்துல நடக்கற ஒண்ணு எனக்குப் பிடிக்கல. கல்லை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, கை மெஷினை வெச்சு தண்ணியில்லாம அறுக்கறாங்க. தெருவே வெள்ளையாகுது. நாம ஜன்னலைச் சாத்திட்டு உள்ள போயிடறோம். அறுக்கற தம்பி மூக்குல ஒரு கர்ச்சீப்போட அந்தப் புகைக்குள்ளயே நிக்கறான். கல் மேடை செய்யறவங்க இதை அனுமதிக்கக் கூடாதுங்கறது என் கருத்து. பட்டறையில தண்ணி ஓடற மெஷின்லதான் அறுக்கணும். அதுக்கு அளவு முதல்லயே சரியா இருக்கணும். அது நம்ம பொறுப்பு.

அந்தத் தூசியில என்ன இருக்குன்னு பாப்போம். கிரானைட்ல கால் பங்கு, மூணுல ஒரு பங்கு அளவுக்கு சிலிக்கா இருக்கும். கண்ணுக்குத் தெரியற தூசி மூக்குல நின்னுடும். கண்ணுக்கே தெரியாத பொடிதான் நுரையீரல் அடி வரைக்கும் போய் தழும்பாக்கிடும். அந்த நோய்க்குப் பேர் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை மாத்த மருந்து கிடையாது. காசநோய் வர்ற வாய்ப்பையும் அது கூட்டும். ரெண்டுக்கும் இருமல், மூச்சு வாங்கறது, எடை குறையறதுன்னு அறிகுறி ஒண்ணு போலவே இருக்கறதால, டி.பி.ன்னு நினைச்சு மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கறவங்களும் உண்டு. மத்தியப் பிரதேசம் மந்த்சோர்ல பலகைக் குச்சி செஞ்ச தொழிலாளிங்க இந்த நோயில கொத்துக் கொத்தா போனது பழைய கதை.

கடையில இப்ப 'குவார்ட்ஸ்'னு பளபளன்னு ஒரு கல் காட்டறாங்க. அது மலையில வெட்டின கல் இல்ல. கல் பொடியை பிசின்ல குழைச்சு அழுத்திச் செய்யறது. அதுல 90 சதவீதத்துக்கு மேலயே சிலிக்கா இருக்கறது சாதாரணம். சமையல் மேடை, பாத்ரூம் மேடை அறுத்த இளவயசுப் பிள்ளைங்களுக்கு நோய் வந்ததைப் பாத்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை பண்ணிடுச்சு. நம்ம நாட்டுல 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்னு பட்டியல்ல போட்டாங்க. ஆனா ரெண்டு பேர், மூணு பேர் வேலை செய்யற பட்டறை 'தொழிற்சாலை'ங்கற கணக்குலயே வராதே. நம்ம வாசல்ல நின்னு அறுக்கற தம்பியை எந்த அதிகாரி வந்து பாக்கப் போறார்?

இதை ஒரு விவசாயியா சொல்றேன். துண்டை மூக்குல கட்டிட்டு பூச்சிமருந்து அடிக்கறவங்க நாம. துணி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காதுன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

சரி, என்ன பண்ணலாம்?

கல்லு முதல்ல. நம்ம போர் தண்ணியில உப்பு அதிகம். பேசினைச் சுத்தி வெள்ளையா படியும். அதைப் போக்க ஆசிட் கலந்த கிளீனரை ஊத்தறது வழக்கம். கடப்பா கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகை. ஆசிட் பட்டா நுரைச்சு, மினுமினுப்பு போயிடும். கிரானைட் அப்படி அரிக்காது. அதனால சாதாரண கருப்பு கிரானைட்டே போதும். குவார்ட்ஸ் வேண்டாம்.

அடுத்தது அளவு. டைல்ஸ் ஒட்டி முடிச்ச பிறகுதான் எடுக்கணும். கொத்தனார் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சுவர் மூலைமட்டத்துல இருக்காது. ரெண்டு சுவத்துக்கு நடுவுல மேடை வருதுன்னா பின்னாடி, நடுவுல, முன்னாடின்னு மூணு இடத்துல அளக்கணும். கெட்டி அட்டையை அதே வடிவத்துல வெட்டி வெச்சுப் பாத்து, அந்த அட்டையையே பட்டறைக்குக் கொடுக்கணும். பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி விட்டா சிலிக்கான் பசை அடைச்சுக்கும்.

பேசினையும் குழாயையும் முதல்ல வாங்கி, கையோட பட்டறைக்குக் கொண்டுபோகணும். வடிகால் ஓட்டை, குழாய் ஓட்டை (பெரும்பாலும் 35 மி.மீ.) ரெண்டையும் அங்கயே போட்டுடலாம். உயரத்துல பலபேர் ஏமாறுவாங்க. பேசின் விளிம்பு தரையிலேர்ந்து 32, 33 அங்குலம் இருக்கணும். பேசின் 5 அங்குலம்னா கல்லு 27, 28லதான் வரணும். முன்விளிம்புக்கு அடியில சின்னதா ஒரு காடி இழுக்கச் சொன்னா, வழியற தண்ணி உள்பக்கம் ஓடாம அங்கயே சொட்டிடும். 4 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. கல் சுமார் 36 கிலோ இருக்கும். அதனால அடியில தாங்கலும் பலமா வேணும்.

எங்க வீட்டு மேடைக்கு இப்படித்தான் செஞ்சோம். பட்டறைத் தம்பி, "வீட்டுல வந்தே அறுத்துத் தர்றேன் ஐயா, வண்டி வாடகை மிச்சம்"னார். "வேண்டாம் தம்பி, இங்கயே தண்ணி விட்டு அறுங்க, வாடகை நான் தர்றேன்"னேன். ஒரு மாதிரி பாத்தார். அப்புறம், "இப்படி யாரும் கேக்கறதில்லைங்க ஐயா"ன்னார். அட்டை அளவு சரியா இருந்ததால வீட்டுல வந்து மெஷினை எடுக்கவே இல்ல.

ஒரு எச்சரிக்கை. தண்ணி நல்லதுன்னு சாதாரண கை மெஷின் மேல சொம்பால ஊத்தாதீங்க, கரண்ட் அடிக்கும். தண்ணிக்குன்னே செஞ்ச மெஷின் இருக்கற பட்டறையாப் பாத்துக் கொடுங்க.

"அவங்க தொழில், அவங்க பாத்துப்பாங்க"ன்னு சிலபேர் சொல்லுவாங்க. தினக்கூலிக்கு நிக்கற பையன் முதலாளிகிட்ட தண்ணி மெஷின் கேக்க முடியாது. காசு கொடுக்கற நாம கேட்டா கிடைக்கும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துல குதிரைத் தூணை வாய் பிளந்து பாக்கறோம். அதைச் செதுக்கினவங்க மூச்சுல எவ்வளவு கல்தூள் போச்சோ, நமக்குத் தெரியாது. நம்ம வீட்டு மேடையை அறுக்கறவங்க மூச்சுல என்ன போகுதுன்னு நமக்கு நல்லாத் தெரியும்.

தேருக்கு ரெண்டு நாள் பிந்தி முடிஞ்சாலும் சொந்தக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க. கல்லுக்கு விலை பேசறப்ப, "தண்ணி விட்டு அறுப்பீங்களா?"ங்கற கேள்வியையும் சேத்துக் கேளுங்க.