ஆலை ஏன் கடல் தாண்டுகிறது?

காரிமங்கலம் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவருக்கு நமது ஜில்லாவின் பொருளாதாரம் விளங்கிவிடும். ஓசூர் பக்கம் போகிறவர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஊருக்கு வந்துவிட்டுத் திருப்பூருக்குத் திரும்புகிறவர்கள். பெரும்பாலும் இளம் வயதினர். பெண்களும் அநேகம். மழையை நம்பிய மானாவாரி நிலமும், வற்றிப்போன கிணறும் கைவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள்.

இவர்களைப் பார்த்துத்தான் முதலாளிகளும், அவர்களது பத்திரிகைகளும், மந்திரிகளும் ஒரு பயமுறுத்தலை ஓயாமல் சொல்லிவருகிறார்கள். கூலி உயர்வு கேட்காதே, சங்கம் வைக்காதே, எட்டு மணி நேரம் என்று கணக்குப் பேசாதே. பேசினால் கம்பெனி வியட்நாமுக்குப் போய்விடும் என்கிறார்கள். 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழக சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேற்றப்பட்டபோது சொன்ன வாதம் இதுவே. தொழிலாளி வர்க்கம் கொதித்தெழுந்ததால் மே தினத்தன்று அது வாபஸாயிற்று. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவு கேட்டு 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் இதே பல்லவிதான். 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தபோதும் இதே சமாதானந்தான் கூறப்பட்டது.

இந்த வாதம் மெய்தானா? நம் கண்முன் நடந்த கதை ஒன்று இருக்கிறது. அதை ஆற அமரப் பரிசீலிப்போம்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி 2005-இல் தமிழக சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006 ஜனவரியில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. சர்க்கார் இருநூறு ஏக்கருக்கு மேல் நிலம் தந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரில் வரிச்சலுகை தந்தது. கட்டிய விற்பனை வரியைக்கூடத் திருப்பித் தந்தது. ரோடு, தண்ணீர், தடையில்லா மின்சாரம் எல்லாம் ஜனங்களின் செலவில் வந்தன. உச்ச கட்டத்தில் சுமார் எட்டாயிரம் பேர் அங்கே நேரடியாக வேலை செய்தார்கள். பாக்ஸ்கான் முதலிய உதிரிபாகக் கம்பெனிகளையும் சேர்த்தால் இன்னும் பல்லாயிரம் பேர். பெரும்பான்மை கிராமத்துப் பெண்கள். மூன்று ஷிப்டு, கண் கொட்டாமல் ஓடும் இயந்திர வரிசை. 2010-இல் ஓர் இளம் பெண் தொழிலாளி அந்த இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். அதே ஆண்டில் பாக்ஸ்கான் தொழிலாளர்கள் தாங்கள் விரும்பிய சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, நூற்றுக்கணக்கானோரைப் போலீஸ் கைது செய்து சிறையில் அடைத்தது.

பிறகு நடந்தது என்ன? 2013 ஜனவரியில் வருமானவரி அதிகாரிகள் கணக்கைச் சோதித்தார்கள். பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய தொகைக்குப் பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்கவில்லை என்று சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டார்கள். நோக்கியாவின் கைபேசி வியாபாரத்தை மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கிய வியாபாரம் 2014 ஏப்ரலில் முடிந்தபோது, வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆயிரக்கணக்கானோரிடம் 'விருப்ப ஓய்வு'க் கடிதம் வாங்கப்பட்டது. இருபத்தைந்து வயதில் ஓய்வு! 2014 நவம்பர் 1-ந் தேதி ஆலை மூடப்பட்டது. டிசம்பரில் பாக்ஸ்கானும் கதவைச் சாத்தியது. கைபேசி வேலை வியட்நாமில் பாக் நின் நகரத்து ஆலைக்குப் போயிற்று.

வரி கேட்டதால்தான் கம்பெனி ஓடிற்று என்று முதலாளிப் பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. அந்த வழக்கு 2018-இல் இரு நாட்டு சர்க்கார்களும் பேசி முடித்த சமரசத்தில், கம்பெனி பணம் கட்டுவதோடு முடிந்தது என்பதை அவை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். வரியே கேட்காத நாடுகளில் இந்தக் கம்பெனி என்ன செய்தது என்பதே கேள்வி.

ஜெர்மனியில் போகும் என்ற நகரத்தில் அதற்கு ஓர் ஆலை இருந்தது. ஜெர்மன் சர்க்கார்கள் எட்டுக் கோடி யூரோவுக்கு மேல் மானியம் தந்திருந்தன. 2007-இல் நோக்கியாவின் லாபம் சுமார் 720 கோடி யூரோ. அதற்கு முன் அவ்வளவு லாபம் அது கண்டதில்லை. அந்த லாபத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான், 2008 ஜனவரியில், போகும் ஆலையை மூடுவதாக அறிவித்து 2,300 தொழிலாளர்களைத் தெருவுக்கு அனுப்பியது. வேலை ருமேனியாவில் க்ளுஜ் நகரத்துக்குப் போயிற்று. அங்கே கூலி மிகவும் குறைவு. ருமேனியத் தொழிலாளி மூன்று ஆண்டுகள் மகிழ்ந்தான். 2011-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. 2012-இல் சொந்த நாடான பின்லாந்தில் சாலோ ஆலையில் உற்பத்தி நின்றது. 2014-இல் ஹங்கேரியின் கோமாரோமும் நமது ஸ்ரீபெரும்புதூரும். அடுத்த ஆண்டு சீனாவில் பெய்ஜிங், டோங்குவான். 2016-இல் பாக் நின் ஆலையையும் மைக்ரோசாப்ட் விற்றுவிட்டது.

ஜெர்மனித் தொழிலாளிக்குப் பலமான சங்கம் இருந்தது. ருமேனியத் தொழிலாளிக்குக் கூலி குறைவு. நமது பெண்கள் மூன்று ஷிப்டிலும் உழைத்தார்கள். முடிவு எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது! ஆகவே சங்கம் வைத்ததால் ஆலை போயிற்று என்பது பச்சைப் பொய். புதுவகைக் கைபேசிகள் வந்து நோக்கியாவின் விற்பனை சரிந்தது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. புதுச் சரக்கு உருவாக்குவதில் பின்தங்கியவர்கள் தலைமை அலுவலகத்து நிர்வாகிகள். பிழையை அவர்கள் செய்ய, வேலை இழந்தவர்கள் காஞ்சிபுரத்துப் பெண்களும் ருமேனிய இளைஞர்களும்.

மூலதனத்துக்கு ஊர் கிடையாது. ஓர் இடத்தில் போட்ட முதலைச் சலுகைகளின் மூலம் சில ஆண்டுகளில் எடுத்துவிடுகிறது. சலுகைக் காலம் முடியும் வேளையில் இன்னொரு சர்க்கார் புதுச் சலுகையோடு கைகட்டி நிற்கிறது. திருகாணி முடுக்கும் வேலை மட்டுமே ஓர் ஊருக்கு வந்திருந்தால், அந்த வேலையைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போவது எளிது. வடிவமைப்பும், சில்லும், காப்புரிமையும், முத்திரைப் பெயரும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் லாபம் போய்ச் சேருகிறது.

குறைந்த கூலிதான் தொழிலை இழுக்கிறது என்றால், இன்னொரு கணக்கு உதைக்கிறது. சீனத் தொழிலாளியின் கூலி இன்று நமது தொழிலாளியின் கூலியைப் போலப் பல மடங்கு. அப்படியிருந்தும் நமது கடைத்தெரு முழுவதும் சீனச் சரக்கு. ஏன்? அங்கே நிலச் சீர்திருத்தம் நடந்தது, எழுத்தறிவு பரவியது, துறைமுகமும் ரயிலும் மின்சாரமும் பொதுப் பணத்தில் முன்கூட்டியே எழுந்தன, சர்க்கார் பாங்கிகள் நீண்டகாலக் கடன் தந்தன, ஒரு கைபேசிக்கு வேண்டிய அத்தனை பாகமும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கிடைக்கிறது. தேசிய உற்பத்தியில் சுமார் இரண்டரை சதவீதத்தை அவர்கள் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறார்கள். நாம் செலவிடுவது ஒரு சதவீதத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. இந்த வித்தியாசத்தைத் தொழிலாளியின் வயிற்றை இறுக்கி ஈடுசெய்துவிடலாம் என்று நமது மந்திரிகள் எண்ணுகிறார்கள்.

நம் ஜில்லாவின் பட்டைப் பாருங்கள். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கங்களில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் குடும்பங்களுக்குத் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிதான் ஜீவாதாரம். 2011 பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வையை 30 சதவீதத்திலிருந்து ஒரே வெட்டில் 5 சதவீதமாக்கியது. சீனப் பட்டு வந்து குவிந்தது. கூட்டின் விலை சரிந்தது. தழை வெட்டி, இரவும் பகலும் தட்டு மாற்றி, புழுவைக் குழந்தைபோல் வளர்த்தவர் அங்காடியில் விலையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். கூச்சல் எழுந்த பிறகு 2013-இல் தீர்வை 15 ஆயிற்று. பின்னர் 10-க்கு இறங்கி, 2021-இல் மறுபடி 15 ஆயிற்று. இப்படி ஏறி இறங்கும் தீர்வையை நம்பி எந்த விவசாயி மல்பெரி நடுவான்?

ஆனால் தீர்வை ஒன்றே மருந்து என்று நாம் சொல்ல மாட்டோம். சீனப் பட்டைக் காஞ்சிபுரத்து நெசவாளி கேட்டு வாங்கியதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. இழை ஒரே சீராக, அறாமல் இருந்தது. நமது கூட்டிலும் வெண்பட்டு ரகத்தில் அந்த இழை உண்டு. அதைச் சீராக நூற்கத் தானியங்கி இயந்திரம் வேண்டும். அதன் விலை சிறு நூற்பாளருக்கு எட்டாது. கூட்டுறவு அமைத்து, சர்க்கார் கடன் தந்து அந்த இயந்திரத்தை இங்கேயே நிறுவியிருந்தால், கூடு வளர்ப்பவர், நூற்பவர், நெய்பவர் மூவரும் பிழைத்திருப்பார்கள். அதைச் செய்யாமல் நெசவாளியையும் விவசாயியையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கி, நடுவில் இறக்குமதி வியாபாரி கொழுக்க விட்டார்கள்.

'போட்டித்திறன்' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குத் தாமஸ் மன்றோவின் ஞாபகம் வருகிறது. 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகாலைக் கும்பினி பறித்துக்கொண்ட பிறகு, இதே தர்மபுரியில் வரி வசூல் அதிகாரியாகச் சில ஆண்டுகள் இருந்தவர் அவர். 1813-இல் லண்டன் பார்லிமெண்டில் சாட்சியம் அளித்தபோது, தாம் ஏழு ஆண்டுகளாக ஓர் இந்தியச் சால்வையை உபயோகிப்பதாகவும், ஐரோப்பியச் சால்வையை இனாமாகக் கொடுத்தாலும் உபயோகிக்க மாட்டேன் என்றும் சொன்னார். அப்படிப்பட்ட சரக்கு எப்படித் தோற்றது? இங்கிலாந்து 70, 80 சதவீதம் தீர்வை போட்டு நமது துணியைத் தடுத்தது. தன் ஆலைத் துணியை ஏறக்குறையத் தீர்வையின்றி இங்கே கொட்டியது. நெசவாளியின் கைத்திறன் ஒரு நாளில் மறைந்துவிடவில்லை. அவனிடம் அதிகாரம் இல்லை.

இன்று அதிகாரம் நம்மிடம் இருப்பதாகச் சொல்கிறோம். 1997-இல் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் கையெழுத்திட்டு, கம்ப்யூட்டருக்கும் அதன் பாகங்களுக்கும் தீர்வையை 2005-க்குள் ஒழித்தது யார்? நமது மின்னணுத் தொழில் தவழும் பருவத்திலேயே நசுங்கியது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகவும், புதிய ஆலைகளுக்கு 15 சதவீதமாகவும் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று நிதி மந்திரியே கணக்குச் சொன்னார். 2014-இல் 'மேக் இன் இந்தியா' தொடங்கியபோது தேசிய உற்பத்தியில் ஆலை உற்பத்தியின் பங்கை 25 சதவீதமாக்குவோம் என்றார்கள். அது இன்றும் 17-ஐத் தாண்டவில்லை. தொழிலாளியின் பங்கோ, ஆலைத் தொழிலின் நிகர மதிப்பில் 1980-களின் தொடக்கத்தில் சுமார் 30 சதவீதமாக இருந்தது, இன்று ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கூலி உயர்வால் தொழில் கெட்டது என்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

சிறு முதலாளிகளின் கஷ்டமும் நமக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்த பிறகு, 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலமெங்கும் சிறுதொழில் நடத்துவோர் உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள். லேத் பட்டறைக்காரருக்குச் சலுகை கேட்டால் கஜானாவில் பணமில்லை. அந்நியக் கம்பெனிக்குக் கொடுக்க மட்டும் அதே கஜானா திறக்கிறது. லேத் பட்டறை வியட்நாமுக்கு ஓடாது என்ற தைரியம் போலும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கென நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. தொழில் வரட்டும், நாம் தொழிலுக்கு விரோதிகள் அல்ல. இந்த ஜில்லாவின் பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை வேண்டுமென்று மற்றெவரையும்விட நாமே அதிகம் விரும்புகிறோம். ஆனால் எந்த ஷரத்தின் பேரில் வருகிறது?

போகும் ஆலை மூடப்பட்டபோது, தந்த மானியத்தைத் திருப்பித் தா என்று நார்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாகாண சர்க்கார் கேட்டு, நோக்கியாவிடமிருந்து ஒரு பகுதியையேனும் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் திருப்பித் தந்த வரியை யார் திருப்பிக் கேட்டார்கள்? தர்மபுரிக்கு வரும் ஒவ்வொரு கம்பெனியோடும் சர்க்கார் செய்யும் ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டு, நிலம் கொடுத்த கிராமங்களில் வைக்க வேண்டும். குறித்த ஆண்டுகளுக்கு முன் மூடினால் சலுகை முழுவதையும் வட்டியோடு திருப்பித் தரவேண்டும், நிலம் சர்க்காருக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். நிரந்தர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி, சங்கம் அமைக்கும் உரிமை, உதிரிபாகங்களில் ஒரு பங்கை இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் வாங்கும் கட்டாயம் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். பட்டு நூற்புக்கான கூட்டுறவு ஆலை ஒன்றுக்கு அதே பூங்காவில் இடம் ஒதுக்க வேண்டும்.

காரிமங்கலம் ஒன்றியத்துத் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளை வரும் மே தின கிராம சபைக் கூட்டங்களில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கிளைக் கூட்டங்களில் வாசகத்தை முன்கூட்டியே படித்து விவாதியுங்கள். பட்டு வளர்ப்போரையும், பட்டறை நடத்துவோரையும், ஓசூரிலிருந்து விடுமுறைக்கு வரும் பெண் தொழிலாளர்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். தீர்மானத்தின் நகலில் தலைவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டே திரும்புங்கள்.