டேப்புக்கு அகப்படாத விதி

ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பை நம் வாசகர்களில் பெரும்பாலோர் இதற்குள் படித்து முடித்திருப்பார்கள். 2017-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் அணுகல் தரங்களைப் பற்றிய 15-வது விதி, 2016-ஆம் ஆண்டின் தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிந்துரை வழிகாட்டிகளைத் தொகுத்து வைத்துக்கொண்டு அதையே விதி என்று அழைக்க முடியாது. விட்டுக்கொடுக்கவே கூடாத அடிப்படைத் தரங்களைத் தனியே பிரித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதியாக்க வேண்டும். மற்றவற்றைப் படிப்படியாக நிறைவேற்றிக்கொள்ளலாம். அந்தக் கெடு 2025 பிப்ரவரி 8-ஆம் தேதியோடு முடிந்தது. 2005-இல் தொடுத்த வழக்குக்கு இப்படியாவது ஒரு பலன் வந்ததே என்று மகிழத்தான் வேண்டும். “சார், இது கைட்லைன்தானே, கட்டாயம் ஒண்ணும் இல்லையே” என்று கட்டுநர் கேட்கும்போது அணுகல் தணிக்கையாளர் வாயடைத்து நின்ற காலம் முடிகிறது. வரவேற்கிறோம்.

வரவேற்ற கையோடு ஒரு கவலையையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. எது அடிப்படை, எது படிப்படி என்று பிரிக்கப்போவது யார், எதை வைத்து? மூன்று மாதக் கெடுவில் வேலை பார்க்கும் எந்த அதிகாரியும் முதலில் கை வைப்பது, ஏற்கெனவே அட்டவணையில் இருப்பதன் மேல்தான். சாய்தளம் 1:12. கதவின் நிகர அகலம் 900 மில்லிமீட்டர். கைப்பிடி இவ்வளவு உயரம், கழிப்பறை இவ்வளவு நீளம். டேப்பை வைத்து அளந்து டிக் அடித்துவிடலாம். இவையெல்லாம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவை அத்தனையும் ஒருவர் கட்டடத்துக்குள் வருவதற்கான ஏற்பாடுகள். மூன்றாம் மாடியில் புகை சூழும்போது அதே ஆள் எப்படி வெளியே போவார் என்பது டேப்புக்கு அகப்படாது. ஆள், பயிற்சி, தகவல், வருடாவருடம் பழகிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்த விஷயம் அது. அளக்க முடியாததை அதிகாரம் எந்தப் பட்டியலில் தள்ளும் என்று நமக்குத் தெரியும். ‘படிப்படியாக’ என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன வேகம் என்பதும் தெரியும்: பழைய பொதுக் கட்டடங்களைச் சீரமைக்கச் சட்டத்தின் 45-வது பிரிவு கொடுத்த ஐந்தாண்டு 2022 ஜூனிலேயே முடிந்துபோனது.

அதே சட்டத்தின் 8-வது பிரிவு இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. இடர்க் காலப் பாதுகாப்பு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைத்திருக்க வேண்டிய மாற்றுத்திறனாளிகள் பதிவேடு, ஆபத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைப் படிப்பவர்கள் புயலையும் வெள்ளத்தையும் நினைத்துக்கொண்டு படிக்கிறார்கள். நாலு மாடி வணிக வளாகத்தில் ஏசி எரிவதை யாரும் பேரிடர் என்று எண்ணுவதில்லை, சாவு எண்ணிக்கை ஏறும்வரை.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனை எரிந்தது. ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்டதாகச் செய்திகள் வந்தன. லிஃப்டில் ஏறியிருக்கக் கூடாது என்று மறுநாளே ஆளாளுக்குச் சொன்னார்கள். சரிதான். ஆனால் காலில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவர்கள் நிறைந்த கட்டடத்தில் லிஃப்டைத் தொடாதே என்று சொல்பவர், வேறு எதைத் தொடுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆம், அந்தப் பலகைதான். தமிழ்நாட்டில் எந்த லிஃப்டின் பக்கத்திலும் பாருங்கள்: தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர், படிக்கட்டைப் பயன்படுத்தவும். கூடவே, தீக்கு முன்னால் படியில் தாவி ஓடும் ஒரு மனித உருவம். இரண்டு கட்டளைகளும் ஓடத் தெரிந்தவனுக்கு. படி இறங்க முடியாதவருக்கு அந்தப் பலகையில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர் எங்கே போக வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், யார் வருவார்கள் என்ற மூன்றாவது வாசகம் எங்கும் எழுதப்படவில்லை. அதை எழுதப் பெயிண்டுச் செலவுதான் ஆகும். ஆனால் எழுதிவிட்டால், எழுதியபடி ஓர் இடமும் ஒரு பொத்தானும் ஓர் ஆளும் இருந்தாக வேண்டும். எழுதாமல் இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த இடம் என்று தேசியக் கட்டடக் குறியீடான என்.பி.சி. 2016 சொல்வது ரெஃப்யூஜ் ஏரியா எனும் புகலிடத்தை. 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான் அது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளோ 18.30 மீட்டர் வரையுள்ளவற்றை உயரமற்ற கட்டடம் என்று வகைப்படுத்துகின்றன. மாடியேறி இருக்கும் வங்கிக் கிளை, ஸ்கேன் சென்டர், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் என மாற்றுத்திறனாளிகள் அன்றாடம் போய்வரும் இடங்கள் பெரும்பாலும் இந்த உயரத்துக்குள்தான் அடங்கும். அங்கே புகலிடம் என்ற பேச்சே இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டாம் மாடியும் இருபதாம் மாடியும் ஒன்றுதான் என்பது குறியீடு எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். இடம் உள்ள கட்டடத்திலும் கணக்கு உதைக்கிறது. ஆளுக்கு 0.3 சதுர மீட்டர், கூடவே 200 பேருக்கு ஒரு சக்கர நாற்காலிக்கான இடம் என்று போட்டிருக்கிறோம். முக்கால் மீட்டருக்கு 1.2 மீட்டர் என்று வைத்தாலே சக்கர நாற்காலிக்கு 0.9 ஆகிறது. அந்த ஒன்றுக்கு மேல் இன்னொரு நாற்காலி வந்தால் மூன்று பேர் இடம் போயிற்று.

இருக்கும் புகலிடங்களின் நிலை வேறு. சென்னைப் புறநகரில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் நான் பார்த்தது: கதவுக்குப் பின்னால் கழற்றிப்போட்ட ஏசி யூனிட்டுகள், அடுக்கிவைத்த காலித் தண்ணீர் கேன்கள், மூலையில் சிகரெட் துண்டுகள். சுவரில், கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதற்கான டாக்-பேக் கருவி இருந்தது. பொத்தானில் தூசி. அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்துக் கட்டுப்பாட்டு அறைக் காவலர் எடுத்தார். “யார் சார் அது? அங்கெல்லாம் நிக்கக் கூடாது, கீழ எறங்கி வாங்க” என்றார். எந்த மாடியிலிருந்து பேசுகிறேன் என்று தெரிகிறதா எனக் கேட்டேன். பேனலில் மண்டல எண்தான் தெரிகிறது என்றார். அவர் மேல் தவறில்லை. அந்த விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அழுத்தியவர் காது கேளாதவராக இருந்தால் இந்த உரையாடலும் நடந்திருக்காது. அழைப்பு போய்ச் சேர்ந்தது, ஆள் புறப்பட்டுவிட்டார் என்று காட்ட ஒரு பச்சை விளக்குகூட அந்தக் கருவியில் இல்லை. காத்திருக்கச் சொல்கிறோம், காத்திருப்பவர் இருப்பது கீழே யாருக்கும் தெரியுமா என்பதை அவர் அறிய வழி வைக்கவில்லை.

ஃபயர்மேன் லிஃப்டைப் பற்றியும் பேசிவிடலாம். தனி மின்வழங்கல், தீத்தடுப்புக் கதவு, அழுத்தமூட்டிய லாபி எல்லாம் கொடுத்து ஒரு லிஃப்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அதற்குக் குறைந்தபட்சக் கொள்ளளவு 545 கிலோ, 8 பேர். அணுகல் பக்கம் திரும்பினால் அதே என்.பி.சி. 13 பேர் லிஃப்டைக் கேட்கிறது. அன்றாடம் வந்துபோக அகலமான லிஃப்ட், உயிர் போகும் நேரத்தில் குறுகலான லிஃப்ட். இரு பகுதிகளையும் எழுதிய குழுக்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். லண்டன் மாநகரத் திட்டம் 2021-இலேயே, லிஃப்ட் உள்ள புதிய கட்டடங்களில் படியும் லிஃப்டும் அமைந்த ஒவ்வொரு மையப் பகுதிக்கும் (கோர்) குறைந்தது ஒரு லிஃப்டாவது வெளியேற்றத்துக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டது.

லண்டன் என்றதும் அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 2017-இல் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத் தீயில் இறந்த 72 பேரில் 15 பேர் மாற்றுத்திறனாளிகள். அந்தக் கட்டடத்தில் குடியிருந்த மாற்றுத்திறனாளிகளே 37 பேர்தான். தாமாக வெளியேற முடியாத ஒவ்வொருவருக்கும் தனித்திட்டம் வேண்டும் என்று விசாரணைக் குழு 2019-இல் சொன்னது. நடைமுறைக்கு ஒத்துவராது, செலவு பொருந்தாது என்று 2022-இல் அந்நாட்டு உள்துறை தட்டிக்கழித்தது. அதிகாரத்தின் மொழி எந்த ஊரிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

எச்சரிக்கை ஒலியின் கதையும் இதுவே. ஹூட்டரின் டெசிபலை அளக்கிறோம். ஸ்ட்ரோப் விளக்கைப் பேனல் அறையிலும் வரவேற்பறையிலும் மாட்டுகிறோம். காது கேளாத ஊழியர் தாழ்ப்பாள் போட்டுத் தனியாக இருக்கும் ஒரே இடமான கழிப்பறையில் மாட்டுவதில்லை. விடுதிகளில் உறங்குபவர்களை எழுப்ப 520 ஹெர்ட்ஸ் ஒலி வேண்டும் என்று அமெரிக்கத் தீ எச்சரிக்கைத் தரமான என்.எஃப்.பி.ஏ. 72 கேட்பது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. டெண்டரில் எழுதத்தான் மனம் வருவதில்லை.

இனி மாக் ட்ரில் எனும் வெளியேற்றப் பயிற்சி. பயிற்சி நாளுக்கு முந்தைய மாலை, சக்கர நாற்காலியில் வரும் பெண் ஊழியரை மனிதவளத் துறையிலிருந்து அழைத்து, “நாளைக்கு நீங்க வீட்ல இருந்தே வேலை பாருங்கம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்கிறார்கள். சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். மறுநாள் கட்டடம் காலியாகிறது. இத்தனை நிமிடத்தில் முழு வெளியேற்றம் என்று அறிக்கை தயாராகிறது. அந்தம்மாள் அந்த ‘முழு’வில் சேர்த்தி இல்லை. வராத நாட்களில் இதே ஊழியருக்குச் சம்பளத்தில் பிடிக்கத் தெரிந்த நிறுவனம், தீயணைப்பு அறிக்கையில் மட்டும் அவரைத் தலைக்கணக்கிலிருந்து இறக்கிவிடுகிறது. அந்த அறிக்கையில் கையெழுத்திடுபவர்கள் பெரும்பாலும் இந்த இதழின் வாசகர்கள்.

இதைச் சொல்லாத அலுவலகம் இல்லை, எழுதாத மனு இல்லை. ஓர் அலுவலகத்தில், இது அணுகல் சம்பந்தப்பட்டது, நலத்துறையில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், தீ சம்பந்தப்பட்டதாயிற்றே, எங்களுக்கு அதிகாரம் இல்லையே என்றார்கள். திட்ட அனுமதி தரும் இடத்தில், வரைபடத்தில் காட்டியிருந்தால் போதும் என்றார்கள். சட்டம் ஒன்றியத்துடையது, தீயணைப்பு மாநிலத்துடையது, என்.பி.சி.யோ மாநிலம் எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மூன்று கதவுகளுக்கு நடுவே அகப்பட்டவர் நடக்க முடியாதவராக இருப்பதுதான் இதில் கொடுமை. தடையின்மைச் சான்றுக்கான ஆய்வில் ஹைட்ரன்ட் அழுத்தம் கேட்கிறார்கள், ஸ்பிரிங்க்ளர் எண்ணிக்கை கேட்கிறார்கள், தொட்டியின் கொள்ளளவை லிட்டர் கணக்கில் கேட்கிறார்கள். படி இறங்க முடியாதவர்கள் இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர், எந்த மாடியில், அவர்களை இறக்கப் பொறுப்பு யார் என்று ஒரு கேள்வி நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை.

கொஞ்சம் கடுமையாகப் போகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று எரிந்தபோது 28 பேர் செத்தார்கள். அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அதன்பின் காப்பகங்களுக்கு உரிமம் வந்தது, ஆய்வு வந்தது, சங்கிலிக்குச் சட்டத் தடை வந்தது. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்துத் தீயின் புகை மேலேறி, படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகளைக் கொன்றது. சாவு தொண்ணூறை ஒட்டியது. அங்கே யாரையும் யாரும் கட்டிவைக்கவில்லை. இறக்கிவிட ஆள் ஏற்பாடு இல்லை, அவ்வளவே. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எனக்கு விளக்கக்கூடிய அதிகாரி யாராவது இருந்தால் இந்தப் பக்கத்தை அவருக்கே ஒதுக்கித் தருகிறேன்.

வரப்போகும் விதிகளுக்கு இந்த இதழின் நிலைப்பாடு: வெளியேற்றமும் அதற்கான தகவல் தொடர்பும் முதல் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டாவதில் போட்டால், போட்டதும் போடாததும் ஒன்று. 44-வது பிரிவின்படி பணிநிறைவுச் சான்றிதழோடு இதைக் கட்டுவதும் போதாது. சான்றிதழ் ஒரு தரம்தான் வரும். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தீயணைப்பு உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வியாக வேண்டும். யார் உதவி வேண்டுபவர் என்று பட்டியல் ஒட்டி அவமானப்படுத்தாமல், அவரவரைக் கேட்டு, அவரவர் ஒப்புதலோடு திட்டம் எழுத வேண்டும். படியில் இறக்கும் நாற்காலியைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தால் கணக்கில் வராது. அதை இயக்கத் தெரிந்தவர்களின் பெயர், இரவுப் பணியில் இருப்பவர் பெயர் உட்பட, கூடவே இருக்க வேண்டும். மருத்துவமனை என்றால் இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை ஊழியர், எத்தனை படுக்கை என்பதுதான் முதல் கேள்வி. வரைவு வெளியானதும் இதே வாசகங்களோடு நம் கருத்துரை போகும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. உங்கள் பொறுப்பிலுள்ள கட்டடத்தின் அடுத்த பயிற்சிக்கு, வரச் சம்மதிக்கும் மாற்றுத்திறனாளி ஊழியர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். அன்று அவர்கள் வழக்கமாக வேலை செய்யும் மாடியிலேயே இருக்கட்டும். டாக்-பேக்கை அவர்களே அழுத்தட்டும். அழைப்பை எடுக்க எவ்வளவு நேரமாயிற்று, ஆள் வந்து சேர எவ்வளவு, கடைசியாக அவர் கூடுமிடத்துக்கு வந்தது எப்போது என்ற மூன்று நேரங்களையும் அறிக்கையில் தனி வரியாகக் குறியுங்கள். நேரம் மோசமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அதற்கான மாதிரிப் படிவம் இந்த இதழின் இணைப்பில் இருக்கிறது.