சம்மதம் என்பது வெறும் கைநாட்டு அல்ல!

"ஆஸ்பத்திரியில் புது மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாம், போகாதே, உன்னை எலியாக்கி விடுவார்கள்" என்பது லயத்துப் பேச்சு. "தோட்டத்து ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? கையெழுத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்" என்பது ஆபீஸ் பேச்சு. முன்னது அச்சத்தில் பிறந்தது. பின்னது அகம்பாவத்தில் பிறந்தது. இரண்டும் சேர்ந்து தொழிலாளியை இருட்டில் வைத்திருக்கின்றன. இரண்டையும் மறுப்பதற்கே இக்கட்டுரை.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாடெங்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இத்தகைய சோதனைகளைக் கொண்டுவந்து நடத்துவதற்கென்றே சுகாதார அமைச்சு 2012ஆம் ஆண்டில் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. எனவே, நீரிழிவுக்கோ இருதய நோய்க்கோ ஈரல் நோய்க்கோ நிபோங் திபாலிலிருந்தும் புக்கிட் மெர்தாஜத்திலிருந்தும் பஸ் ஏறிச் சென்று வரிசையில் காத்திருக்கும் நம் மக்களிடம், "ஒரு மருந்துச் சோதனையில் சேருகிறீர்களா?" என்று டாக்டர் கேட்பது நடக்கக்கூடிய காரியம். அப்பொழுது என்ன விடை சொல்வது? விஷயம் தெரியாதவன் அச்சத்தால் மறுப்பான். அல்லது டாக்டருக்கு அடங்கித் தலையாட்டுவான். இரண்டுமே சுதந்திர மனிதனின் விடை ஆகா.

முதலில் நம் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். இந்த மண்ணில் மருந்துச் சோதனை நேற்று முளைத்ததல்ல.

அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுவிடும். சீனத் தொழிலாளிகள் ஏராளமாக மாண்டனர். தமிழ்த் தொழிலாளிகளிடம் அந்நோய் அரிதாகவே கண்டது. காரணம் என்ன? நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். தமிழன் தின்றது புழுங்கல் அரிசி. மற்றவர்கள் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி!

இது உண்மைதானா என்று சோதிக்க, 1905 டிசம்பரில் கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்கு வார்டுக்கு. அவர்களுக்கு வெள்ளைப் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்கு வார்டுக்கு. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டுக்குள் வெள்ளை அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி தின்றவர்களில் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை.

பிறகு 1907ல் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் காட்டுக்குள்ளே சாலை போடச் சென்ற சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து அதே சோதனையைச் செய்தனர். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தனர். நோயும் இடம் மாறியது! நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. பிற்காலத்தில் பி1 வைட்டமின் என்று பெயர் பெற்ற பொருள் அதுவே.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன, தோழர்களே! அச்சோதனைகளால் கிடைத்த அறிவு உலகமெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இது ஓர் உண்மை. ஆனால், செத்துப்போன அந்த 18 பேர் தாம் எதற்காக எண்ணப்பட்டோம் என்பதை அறிந்து சம்மதித்தவர்கள் அல்லர். நோயாளியைக் கேட்டுச் சம்மதம் பெறும் வழக்கமே அன்று இல்லை. இது மற்றோர் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைப்பவன் நமக்கு நண்பன் அல்லன். இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறைப்பவனும் அப்படியே!

தோட்டத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1930களில் மலேரியாவைத் தடுக்கக் கொய்னாவும், தோலை மஞ்சளாக்கும் ஆடபிரின் மருந்தும் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. 1948ல் லாலான் புல்லிலும் புதுக்காட்டிலும் உண்ணி கடித்து வரும் கடுங்காய்ச்சலுக்குப் புதிதாக வந்த குளோரோமைசெட்டின் மருந்தைக் கோலாலம்பூரில் சோதித்தனர். அங்கேதான் அது டைபாய்டு காய்ச்சலையும் அடக்கும் என்பது தெரியவந்தது. மருந்துச் சரித்திரத்தில் டாக்டர்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. உடலைக் கொடுத்தவனின் பெயர் எங்கே?

யுத்தத்தில் ஜெர்மானிய நாஜி டாக்டர்கள் கைதிகளின்மீது செய்த கொடுமைகள் நீதிமன்றம் ஏறிய பிறகுதான் உலகம் விழித்தது. 1947ல் நியூரெம்பர்க் தீர்ப்பு, "மனிதனின் மனமார்ந்த சம்மதம் இன்றியமையாதது" என்ற விதியை வகுத்தது. 1964ல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி நகரில் கூடித் தனது பிரகடனத்தை வெளியிட்டது. இன்று நமது நாட்டிலும் அதற்கான நெறிமுறை இருக்கிறது. நெறிக்குழு அனுமதிக்காமல் சோதனை நடத்தலாகாது. பதிவு பெறாத புது மருந்தானால் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

சரி, சோதனை என்றால் என்ன? எளிய தமிழில் சொல்லுவோம்.

ஒரு பால்மரத்துக்குப் புது மருந்து பூசினால் பால் அதிகம் வருகிறதா என்று எப்படி அறிவோம்? ஒரு வரிசைக்குப் பூசுகிறோம்; பக்கத்து வரிசையைப் பழையபடி விடுகிறோம்; பால் ஸ்டோரில் இரண்டையும் நிறுத்துப் பார்க்கிறோம். பூசிய வரிசையை மட்டும் பார்த்தால் பால் கூடியது மருந்தினாலா மழையினாலா என்று யாருக்குத் தெரியும்? மனிதர்களுக்கும் அதே கணக்குதான். ஒரு சாராருக்குப் புது மருந்து. மறு சாராருக்கு இப்போதுள்ள வைத்தியம், அல்லது சில சமயம் மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்வார்கள். டாக்டர் தமக்கு வேண்டியவருக்கு நல்லதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. பல சோதனைகளில் எவர் எதை விழுங்குகிறார் என்பது டாக்டருக்கும் தெரியாதபடி மறைத்து வைப்பார்கள்.

ஆகவே, சோதனையில் சேருகிறவருக்குப் புது மருந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லை; கிடைத்தாலும் அது பழையதைவிட நல்லது என்ற உறுதியும் இல்லை. அதைக் கண்டறியத்தானே சோதனை! இதைச் சொல்லாமல், "புது மருந்து இலவசமாகத் தருகிறோம்" என்று மட்டும் சொல்வது அரை உண்மை. அரை உண்மை முழுப் பொய்க்கு அண்ணன்!

"அப்படியானால் ஏன் சேர வேண்டும்?" என்று கேட்கலாம். இரண்டு உதாரணங்கள் போதும்.

கோவிட் காலத்தில், 2021ல், ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து நோயைத் தீர்க்கும் என்ற புரளி கிளம்பிக் கள்ளச் சந்தையில் விலை ஏறியது. ஏழைகளும் கடன்பட்டு வாங்கினர். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 490 நோயாளிகளைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தனர். மருந்து பெற்ற 241 பேரில் 52 பேருக்கு நோய் கடுமையாயிற்று. அதைப் பெறாத 249 பேரில் 43 பேருக்கே அப்படி ஆயிற்று. மருந்தினால் பயன் இல்லை என்று 2022ல் உலகுக்கே சொன்னவர்கள் அந்த 490 மலேசியர்கள். அவர்களை எலிகள் என்பீர்களா?

மற்றொன்று, ஈரலை அரிக்கும் ஹெபடைட்டிஸ் சி. மருந்து இருந்தது, கம்பெனிகள் வைத்த விலையோ ஏழைக்கு எட்டாதது. மலேசிய சுகாதார அமைச்சு, இலாப நோக்கற்ற அனைத்துலக அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து, ராவிடாஸ்வீர் என்ற புது மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேரிடம் சோதித்தது. 100க்கு 97 பேர் குணமடைந்தனர். 2021ல் மருந்து இங்கே பதிவு பெற்றது. சோதனை மக்களுக்காக நடந்தால் இப்படியும் நடக்கும்!

ஆனால், விளக்காமல் நடந்தால் என்ன ஆகும்? இந்தியாவைப் பாருங்கள். 2009ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆராய்ச்சி நடந்தது. கம்மத்தில் பலருக்குப் பெற்றோரின் கையெழுத்து வாங்கப்படவில்லை; விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டார். 7 சிறுமிகள் இறந்த பிறகு 2010ல் வேலை நிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்கு ஊசி காரணமாயிருக்க இடமில்லை என்றே விசாரணையில் கூறினர். அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் 2010 முதல் போடப்பட்டு வருகிறது. ஆயினும், 2013ல் இந்திய நாடாளுமன்றக் குழு அந்த ஆராய்ச்சியைக் கடுமையாகக் கண்டித்தது. ஏன்? ஏழை மலைவாசியின் மகளுக்காக இன்னொருவன் கையெழுத்துப் போட்டான்! மருந்து நல்லதாயிருப்பதனால் அந்தக் கையெழுத்து நல்லதாகிவிடுமா?

கங்காணி நமக்காகப் பேசினான். தண்டல் நமக்காகத் தலையாட்டினான். துரை நமக்காக முடிவு செய்தான். அந்தக் காலத்தை ஒழிக்கத்தான் சங்கம் கண்டோம். ஆஸ்பத்திரி வாசலில் அது வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வருவதா?

"விளங்காது" என்கிறார்களே, எது விளங்காது? கிலோக் கணக்கையும் ரப்பர் விலைக்கேற்ற போனஸ் கணக்கையும் வாய்க்கணக்காகச் சொல்லிக் கிராணியின் தப்பைப் பிடிக்கும் அம்மாளுக்கா இது விளங்காது? ஆங்கிலத்திலும் மலாயிலும் பத்துப் பக்கத் தாளை நீட்டிவிட்டு, அவளுக்கு அறிவில்லை என்பது யாருடைய குற்றம்? நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது நெறிமுறையின் கட்டளை. டாக்டரின் தயவு அல்ல. வாசிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டும்போது, சோதனையில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்திட வேண்டும் என்பதும் அந்த நெறிமுறைதான்.

இனி, நம்மவர் எவரும் பேசாத ஒரு விஷயம். செக்ரோல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சோதனையில் சேர்ந்தவர் பல தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் கொடுக்கச் சென்ற நாளுக்கு டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளம் உண்டு. வெறும் டைம் சிலிப் கொடுத்தால் செக்ரோலில் அன்றைக்கு என்ன எழுதுவது? அநேகமாக ஆப்சென்ட்தான். பஸ் காசைத் திருப்பித் தருவார்கள். போன நாட்கூலியைத் தருவது யார்? உலகத்துக்கு மருந்து கிடைக்க உடம்பைத் தருகிறவன், அதற்காகத் தன் பிள்ளையின் பால்மாவுக் காசையும் தர வேண்டுமா?

நம் இளைஞர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பினாங்கில் ஆரோக்கியமானவர்களைப் பணம் கொடுத்து அழைத்து, மருந்து கொடுத்துப் பலமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனைகளும் நடக்கின்றன. மலிவு மருந்தும் அசல் மருந்தும் ரத்தத்தில் ஒரே அளவு சேருகின்றனவா என்று பார்ப்பதற்கே பெரும்பாலும் இது. அனுமதி பெற்று முறையாக நடந்தால் அதில் தவறில்லை. ஆனால், பணத்துக்காக ஒன்றை மறைத்து இன்னொன்றில் சேராதீர்கள். உள்ள நோயையும் மறைக்காதீர்கள். இரண்டு மருந்தும் ஒரே உடம்பில் மோதினால் நீங்கள் பெற்ற வெள்ளி உங்களைக் காப்பாற்றாது.

எனவே நாம் கோருவது யாது?

1. தமிழ் நோயாளிக்குத் தமிழில், பேச்சு நடையில், விளக்கத் தாள் வேண்டும். இன்று நம்மோடு தோட்டத்தில் உழைக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் அவரவர் மொழியில் வேண்டும்.

2. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டு பிள்ளைகளோடு கலந்து பேச அவகாசம் வேண்டும். "இப்பவே போடு" என்பது சம்மதம் கேட்பதாகாது.

3. மானேஜரோ, தண்டலோ, தோட்டத்து டிரெசரோ சாட்சியாக நிற்கலாகாது. யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது முதலாளிக்குத் தெரியவும் கூடாது.

4. சோதனைக்காகப் போகும் நாட்களுக்குக் கூலி இழப்பை ஈடு செய்ய வேண்டும். சோதனையை நடத்துகிற கம்பெனிதான் அதைத் தர வேண்டும்.

5. தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்கும் நஷ்ட ஈட்டுக்கும் யார் பொறுப்பு, சோதனை முடிந்தபின் அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பவற்றை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். முடிவையும் வந்து சொல்ல வேண்டும்.

6. நெறிக்குழுக்களில் மருத்துவத் துறை சாராதவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலியில் வக்கீலும் பேராசிரியரும் மட்டுந்தானா உட்கார வேண்டும்? ஒரு தொழிற்சங்கத்தாருக்கும் அங்கே இடம் வேண்டும்.

சங்கமும் சும்மா இருக்கலாகாது. கிளைக் கூட்டங்களில் சம்பளமும் போனசும் பேசுகிற நாம், ஆண்டில் ஒரு நாளாவது ஒரு டாக்டரை அழைத்து இதைத் தமிழில் விளக்கச் செய்வதற்கு என்ன தடை?

தோழர்களே! டாக்டர் கேட்டால் பயந்து ஓடாதீர்கள். பணிந்து கைநாட்டும் வைக்காதீர்கள். எனக்கு இப்போது உள்ள வைத்தியம் என்ன? சேராவிட்டால் அது குறையுமா? என்னென்ன கெடுதல் வரலாம்? எத்தனை தடவை வர வேண்டும்? இரவில் மயக்கம் வந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது? இடையில் விலகலாமா? இவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை இப்போதே சொல்லி வைக்கிறோம்: எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதற்காக உங்கள் வைத்தியத்தை நிறுத்த எவருக்கும் உரிமையில்லை.

விளங்கும்வரை கேளுங்கள்! விளங்கிய பிறகு, மனம் ஒப்பினால் கையெழுத்திடுங்கள். ஒப்பாவிட்டால் தலை நிமிர்ந்து மறுத்துவிட்டு வாருங்கள்! கூலிக்கு உழைப்பை விற்கிறோம். உடம்பை எவனுக்கும் எழுதிக் கொடுக்கவில்லை!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!