நம்மாழ்வாரின் கேள்வியை யார் அளந்து பார்ப்பது?

வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் திடீரென்று இறந்தார். வயது 75. காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. உழவர்கள் தங்கள் தோழரை இழந்ததாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அவர் படத்துக்கு மாலை போட்டு விதைத் திருவிழா நடத்துகிறார்கள். அந்த அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் போனவர் ஒரு விஞ்ஞானி. அவர் விட்டுச்சென்ற கேள்வியைக் கழனியில் இறக்கி, அளந்து, எழுதிவைத்தால்தான் அவரை விஞ்ஞானியாக நினைத்ததாகும். புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்கள் அந்த வேலைக்கு மிகவும் பொருத்தமான இடங்கள்.

அவர் அறிவியலை உதறிவிட்டுப் போனவர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர் அவர். அங்கே மானாவாரிக் கரிசல் மண்ணில் வீரிய விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து என்று செலவுபிடிக்கும் சோதனைகள் நடந்தன. மழையை மட்டும் நம்பி உழும் ஏழை உழவருக்கு இந்த முடிவுகளால் என்ன பயன் என்று கேட்டார். ஆராய்ச்சியின் போக்கு மாறவில்லை. 1969இல் வேலையை விட்டார். அவர் கேட்டது சோதனையே வேண்டாம் என்று அல்ல, யாருடைய நிலத்துக்காகச் சோதனை என்றுதான். அதற்கு முந்தைய ஆண்டு, 1968 ஜனவரியில், வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் எம்.எஸ். சுவாமிநாதனும் எச்சரித்திருந்தார். மண்வளத்தைப் பேணாமல் தீவிர சாகுபடி செய்வது, கண்மூடித்தனமாக மருந்தடிப்பது, நிலத்தடி நீரை வரம்பின்றி உறிஞ்சுவது, பல ரகங்களை விட்டு ஓரிரு ரகங்களுக்கு மாறுவது ஆகியவை கேட்டில் முடியும் என்றார். பசுமைப் புரட்சியின் முன்னணி விஞ்ஞானியும் அதன் கடும் விமர்சகரும் ஒரே காலத்தில் ஒரே கவலையைக் கொண்டிருந்தார்கள். இருவரையும் எதிரெதிர் மேடைகளில் மட்டுமே நிறுத்திப் பழகிவிட்டதால் இதை நாம் மறந்துவிடுகிறோம்.

மறுபக்கத்தில், நம்மாழ்வாரை நேசிப்பவர்களில் சிலர், மண்ணுக்கே எல்லாம் தெரியும், தராசும் கணக்கும் எதற்கு என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வேப்ப எண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்துவதன் மீதான காப்புரிமைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் நம்மாழ்வாரும் ஒருவர். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அந்த உரிமையை ரத்து செய்தது. 2005இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வேம்பு எங்கள் மரம் என்ற உணர்ச்சி போராட்டத்துக்கு வலுவூட்டியிருக்கலாம். வழக்கை வென்று தந்தது, வேப்ப எண்ணெய் இந்தியாவில் முன்பே அந்தப் பயன்பாட்டில் இருந்தது என்ற சாட்சியம். பாகூரையே எடுத்துக்கொள்வோம். 9ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்விச்சாலை, நடந்ததும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதும் நமக்குத் தெரிவது, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் யாரோ அதைச் செப்பேட்டில் வெட்டிவைத்ததால்தான். அந்த ஊர்களின் அன்றைய வயல்களில் என்ன நெல் விளைந்தது, ஏரித் தண்ணீர் எத்தனை நாள் பாய்ந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

வலுவான எதிர்வாதம் இலங்கையிலிருந்து வருகிறது. 2021இல் அந்நாட்டு அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்தினார்கள். இயற்கை வேளாண்மையைப் பேசும் எவரும் இதைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. ஆனால் அங்கே நடந்தது சோதனை அல்ல, உத்தரவு. எந்த மண்ணுக்கு எத்தனை பருவம் பிடிக்கும், தழைச்சத்துக்கு மாற்று எங்கிருந்து வரும் என்று சிறு பரப்பில் பார்த்துத் தெளியாமல் ஒரு நாட்டின் வயல்களையெல்லாம் பணயம் வைத்தார்கள். அளந்து பார்க்க வேண்டும் என்ற என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

புதுச்சேரி என்ற இந்தச் சின்னப் பிரதேசத்தில் அப்படி அளந்து பார்க்கும் வேலையை யார் செய்வது என்ற கேள்வி எழும். குரும்பாப்பேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காரைக்காலில் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. தகவலை ஊர்க்காரர்களே திரட்டிப் பகிரும் பழக்கமும் இங்கே புதிதல்ல. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு கழனி, போர்த் தண்ணீரில் உப்பு ஏறிவரும் கடலோரப் பக்கம் ஒரு கழனி, வில்லியனூர்ப் பக்கம் ஒரு கழனி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான உரமும் மருந்தும், மறுபாதியில் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அமிர்தக் கரைசல் விட்டு மாப்பிள்ளைச் சம்பாவோ சீரகச் சம்பாவோ நடலாம். ரகமும் மாறினால் எதனால் விளைச்சல் மாறியது என்று தெரியாமல் போகும் என்பதால், இரு பாதியிலும் ஒரே ரகம் நட்ட கழனியும் வேண்டும். ஒரு பருவத்து முடிவை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, ஐந்தாறு சம்பாப் பருவமாவது தொடர வேண்டும். எழுத வேண்டியது மூட்டைக் கணக்கை மட்டுமல்ல. மோட்டார் ஓடிய நேரம், கூலிச்செலவு, மண்ணின் கரிமச்சத்து, வாங்கிய கடன், கையில் நின்ற பணம் எல்லாம் பதிவாக வேண்டும். கோவில்பட்டியில் நம்மாழ்வார் கேட்டதும் இந்தக் கடைசிக் கணக்கைத்தான்.

அந்தக் கணக்கைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக வாசலில், உழவர் எவரும் படிக்கும்படி தமிழில் எழுதி வைக்கலாம். இயற்கைப் பாதியில் விளைச்சல் குறைந்த பருவம் வந்தால், அதுவும் அதே பலகையில் மறைக்காமல் எழுதப்பட வேண்டும்.