சைலன்சரில் கை வைக்குமுன்

யாங்கோன் நகருக்குள் 2003இல் மோட்டார் சைக்கிள்களைத் தடைசெய்தார்கள். இரைச்சல் ஆசை முழுவதும் காரில் இறங்கியது அதனால்தான் போலும்.

புதிதாக வந்த நாம் வாங்குவது ஜப்பானில் ஓடி முடித்த பழைய கார். பூனைபோல ஓடும். வீட்டுப் பிள்ளைக்கு அது போதாது. ஆசைப்படட்டும், வயது அப்படி. ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைப்பதும், பெட்டியில் துளை போடுவதும் வேண்டாம். உள்ளே அறைகளும் துளைக் குழாய்களும் உண்டு. ஒலி அலைகள் மோதி அடங்குவது அங்கேதான். கடைசிப் பெட்டியை மட்டும் மாற்றினாலே கனத்த தொனி வரும். நடுப்பெட்டியையும் எடுத்தால் தூரப் பயணத்தில் காதுக்குள் வண்டு குடையும்.

மாற்றாமலே சத்தம் கூடியிருந்தால் மகிழவேண்டாம், அது துரு விழுந்த ஓட்டை. கிட்டிய ஓட்டங்களில் பெட்டிக்குள் நீர் தங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

வெல்டிங்தான் முக்கியம். இணைப்பு கசிந்தால் கார்பன் மொனொக்சைட் காருக்குள் ஏறும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றே நினைத்திருப்போம்.

கராஜிலேயே பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஒருவர் குழாய் வாயைத் தடித்த துணியால் சில விநாடி அடைக்கட்டும். மற்றவர் இணைப்புகளைக் கவனிக்கட்டும். 'உஸ்' என்று கேட்டால், திரும்ப ஒட்டித் தரும்வரை காசு கொடுக்காதீர்கள்.