வரைபடமும் ஒரு மொழியே

பள்ளியில் தமிழ்வழி பயின்று பொறியியல் கல்லூரி புகும் மாணவர் முதலாம் ஆண்டில் அஞ்சும் பாடங்களுள் ஒன்று பொறியியல் வரைபடம். ஆங்கிலம் போதாமையே காரணம் என்பர். அது பொருந்தாது. இப்பாடத்தில் கோடே சொல். தடித்த கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பைச் சுட்டும். விட்டுவிட்டு வரையும் கோடு மறைந்த விளிம்பைச் சுட்டும். மெல்லிய கோடு அளவு கூறும்.

இம்மொழி எந்நாட்டார்க்கும் தனியுரிமை அன்று. 1206-இல் அல் ஜஸரி தம் அரபு நூலில் நீர்க்கடிகாரங்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் படங்களால் விளக்கினார். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் பொருளை வீழ்த்தி வடிவத்தை ஐயமற உரைக்கும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்பார் மோன்ஜ். அரண் அமைக்கப் பயன்பட்டமையால் அந்நாட்டுப் படைத்துறை அதனை நெடுநாள் மறைபொருளாகக் காத்தது.

நம் வகுப்பறையிலும் அது மறைபொருளாகவே இருத்தல் தகுமா? இந்தியத் தரப்படி நாம் பின்பற்றும் முதற்கோண வீழலில், மேற்புறத் தோற்றம் முன்புறத் தோற்றத்தின் கீழே அமையும். 'மேலிருந்து காண்பது ஏன் கீழே வருகிறது?' என வினவும் மாணவர்க்கு, 'விதி அது' என்னும் விடை போதாது. காண்பவருக்கும் தளத்திற்கும் இடையே பொருள் நிற்கிறது. மேலிருந்து நோக்கும் பார்வை பொருளைக் கடந்து அடித்தளத்தில் விழுகிறது. இவ்வாறு தமிழில் உரைத்தால் அச்சம் அகலும்.

இன்று கணிப்பொறி நொடியில் வரைகிறது. தவறான தோற்றத்தையும் அதே நேர்த்தியுடன் வரையும். அதைக் கண்டறிவது மாணவரின் தெளிவே. ஆகவே ஆங்கிலவழி வகுப்பாயினும், இப்பாடத்தின் தொடக்கமேனும் தமிழில் அமைதல் வேண்டும். சொற்கள் நம்மிடம் உள. வேண்டுவது ஆசிரியரின் மனமே.